ஏரிக்கு அக்கரையில் ஒரு டவர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. போன் அடித்தால் 'மீட்டிங்கில் இருக்கேம்மா' என்று ஒரு வரி வருகிறது. அந்த மீட்டிங் வாரக்கணக்கில் முடியாமல் நடக்கிறது. கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், வேறென்ன.

இங்கே எல்லாரும் சுகம். மருந்துக் கடையில் புது முதலாளி வந்து அலமாரிகளை எல்லாம் மாற்றி அடுக்கிவிட்டார். இருமல் மருந்து கேட்டு வருபவர்கள் நான் தேடிக் கொடுப்பதற்குள் இருமலே நின்று போய்க் கிளம்பிவிடுகிறார்கள். என் முழங்கால் பரவாயில்லை. மாடி ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறது.

அப்பாவைப் பற்றி நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன்.

உன் வேலை என்னவென்று கடையில் கேட்பவர்களிடம், தீம் பார்க்குகளுக்குப் புதுப் பகுதிகள் வரைந்து கொடுக்கும் கம்பெனியில் இருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்வேன். உலகத்தில் அத்தனை பார்க் இருக்க, நம் ஊர் பார்க்கில் வரப்போகும் விண்வெளி நகரம் உன் மேசைக்கு வந்து சேரும் என்று யார் கண்டது? அதில் வரும் இரும்பு டவர், பார்க்குக்குள் இருக்கும் ஏரிக்கரையில் நாம் உட்கார்ந்தால் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் தெரியும் என்பதும், அந்த ஏரிக்கரைக்காகவே ஒரு ரசிகர் குழு இருப்பதும், அதற்கு உன் அப்பாவே தலைவராக இருப்பதும் நம் வீட்டுக்கென்றே அமைந்த கூத்து.

அன்றைக்கு அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னோடு பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "அந்த ஏரிக்கரையில வளர்ந்தவ நீ, நீயே இப்படிப் பண்ணலாமா" என்று அவர் கேட்டது தப்பு. "உங்களுக்கு அது ஞாபகம், எனக்கு அது வேலை" என்று நீ சொன்னதும் தப்பு. யார் பிடித்த முயலுக்கும் நாலு கால் இல்லை, மூன்றே கால்தான். இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஆராயத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் நினைத்துப் பார். வாலிபம் முழுவதையும் அவர் லிப்ட் குழிகளுக்குள் கழித்தவர். எண்ணெய், இருட்டு, தலைக்கு மேல் தொங்கும் கம்பிவடம். ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஏரிக்கரை பெஞ்சில் போய் உட்காருவார். எதிரே தண்ணீர், மரப்பாலம், பொம்மை மாதிரி மீனவர் வீடுகள், கலங்கரை விளக்கம். அதற்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது, வெறும் வானம். அந்த வெறும் வானத்துக்காகத்தான் அவர் சண்டை போடுகிறார். உன்னோடு அல்ல.

போன வாரம் பார்க்கில் பலூன் விட்டார்கள். டவர் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு உயரத்தில் ஒரு சிவப்பு பலூனைக் கயிற்றில் கட்டி நிறுத்தினார்கள். எங்கெங்கிருந்து தெரிகிறது என்று பார்க்க குழுவே திரண்டது. நானும் போனேன். குழுவில் ஒட்டகம் என்று ஒருவர் உண்டு, நெட்டையாக, கழுத்தில் எப்போதும் கேமராவோடு. ஓடி ஓடிப் படமெடுத்தார். நுழைவாயிலில் நின்றால் தெரியவில்லை. ராட்டினத்தருகே நின்றால் உச்சி மட்டும் தெரிந்தது. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தால் கலங்கரை விளக்கத்தின் தோளுக்கு மேல் பளிச்சென்று நின்றது. "விளக்குக்குப் பரு வந்த மாதிரி இருக்கு" என்றார் ஒட்டகம்.

குழுவில் எதிர்க்கட்சியும் இருக்கிறது. ஓர் இளைஞன், பல் டாக்டருக்குப் படிப்பவன், அப்பாவிடம் நேராகவே கேட்டான். "சார், ஏரியே தோண்டித் தண்ணி ஊத்தினதுதானே. வீடெல்லாம் பலகை. ஒரு பொய்க்குப் பின்னாடி இன்னொரு பொய் தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சு?" அப்பா கோபப்படவில்லை. "பொய்னு எனக்கும் தெரியும்பா. அதை அரை மணி நேரம் மறந்து உக்காரத்தான் வர்றேன்" என்றார்.

தண்ணீர் பாட்டில் வாங்க, பெஞ்சுக்குப் போக ஒரே வழியான அந்த மரப்பாலத்தைத் தாண்டி நான் திரும்பினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் குழுவின் கணக்கு டீச்சர் சக்கர நாற்காலியில் தனியாக இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் அக்கரையில். வரவில்லையா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் பாலத்தின் படிகளைக் காட்டினார். அதற்குள் என்னைத் தேடிக்கொண்டு அப்பாவும் வந்துவிட்டார்.

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீங்க எல்லாரும் அந்த பெஞ்சைப் பத்தி எழுதறதை நான் வருஷக்கணக்கா படிக்கிறேன் சார். நேர்ல பாத்ததே இல்ல. புது டவர்ல மேல வரைக்கும் லிப்ட் போகுதாம், அங்கேர்ந்து ஏரி முழுசும் தெரியுமாம். அதான் நான் கட்டட்டும்ங்கிற பக்கம்."

இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். வாசலில் அப்பா சாவியைத் துழாவிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் லிப்ட் மாட்டினவன் நான். அந்தப் படி என் கண்ணுல படவே இல்லையே" என்றார்.

இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது, இரண்டு வரியானாலும் சரி.

அன்புடன்,
அம்மா

⁂

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் கேட்டது இரண்டு வரியல்ல, இரண்டு பக்கம் என்பதுபோல் எழுதித் தள்ளியிருக்கிறாய். சந்தோஷம். 'அப்பா சொல்வதில் பாதி சரி, ஆனால் அதை அவரிடம் சொல்லிவிடாதே' என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. முகத்தில் எதையும் மறைக்க எனக்கு வராது என்பது வேறு விஷயம்.

கம்பெனி வேண்டாம் என்றபோதும் பலூன் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றவள் நீதான் என்பதை மட்டும் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஊசி நின்றது. "சரியாத்தான் பண்ணியிருக்கா" என்றார். பிறகு தைக்க ஆரம்பித்தார்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். யாராவது உனக்கு அரையும் குறையுமாகச் சொல்வதற்கு முன் நானே சொல்வது நல்லது.

சனிக்கிழமை பார்க்காரர்கள் ரசிகர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். மேனேஜர், இரண்டு அதிகாரிகள், நாங்கள் ஒரு மண்டபம் நிறைய. குழுவின் பேச்சு சில நாளாகவே போனில் தடித்துக்கொண்டிருந்தது. வரைந்தவர்கள் இந்த ஏரியைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே முப்பது பேர் கைதட்ட, அப்பா பதில் எழுதுவதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். குழுவில் யாருக்கும் நீ அவர் மகள் என்று தெரியாது. தலைவர் பதவிக்காக மறைத்தார் என்று நினைக்காதே. உன்னை இழுக்கக் கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒட்டகம் திரையில் படங்கள் காட்டினார். பலூன் படம், டவர் வரைபடம். கடைசியில் உன் கம்பெனி பத்திரிகையில் வந்த உன் புகைப்படம். அதன் தலையில் டவரை ஒட்டவைத்து, கீழே 'எனக்கு இதுதான் வானம்' என்று எழுதியிருந்தார். மண்டபம் சிரித்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, கைதட்டலுக்கு ஆசைப்பட்டுவிட்டார்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அது என் பொண்ணு. நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்த ஏரியைப் பாத்தவ. அந்த டவர் அங்க வரக்கூடாதுன்னு நான் இப்பவும் சொல்றேன், அவகிட்டயே சொல்லியிருக்கேன். டவரைப் பத்தி எவ்வளவு வேணா பேசுங்க. படத்தை எடுத்துடுங்க."

ஒட்டகத்துக்கு முகம் செத்துவிட்டது. படத்தை எடுக்கப் போய்த் தப்புப் பொத்தானை அழுத்தி, அது இன்னும் பெரிதாக வந்து நின்றது. பாவம். கடைசியில் அப்பாவே போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

அத்தோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. டவர் வேண்டாம் என்பது தன் ஆசை, ஆனால் டீச்சர் கேட்பது நியாயம் என்றார். டவரை அப்படியே விட்டுவிட்டு ஏரிக்கரை வானத்தைக் கெடுப்பதும் சரியில்லை, ஏரிக்காக டவரை நிறுத்திவிட்டு டீச்சரைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்துவதும் சரியில்லை என்றார். டவரைக் கொஞ்சம் தள்ளி, பெரிய மரங்களுக்குப் பின்னால் வைக்க முடியுமா, பளபளப்பைக் குறைத்து மங்கலான நிறம் பூச முடியுமா, முதலில் அந்தப் பாலத்தில் படி இல்லாமல் ஒரு சரிவுப் பாதை போட முடியுமா என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் எல்லாவற்றுக்கும் 'பரிசீலிக்கிறோம்' என்றார். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும்.

வெளியே வந்ததும் குழுவில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகளுக்காகக் கட்சி மாறிவிட்டார் என்றார்கள். ஒருவர் அவர் காது படவே சொன்னார். அப்பா தலைவர் பொறுப்பை விட்டுவிட்டார். கேட்டால், "ரெண்டு பக்கமும் பேசறவன் தலைவரா இருந்தா யாருக்கும் பிடிக்காது" என்கிறார். டீச்சர் மட்டும் வீடு தேடி வந்தார். நம் வாசலிலும் இரண்டு படி இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தெருவிலேயே நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அப்பா சிமெண்ட் குழைத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னிடம் அவர் எதையும் கேட்கச் சொல்லவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கதவருகே வந்து நின்று, "அங்க குளிர் ஜாஸ்தியான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா

⁂

என் கண்ணு,

வரைபடம் மாறியது பற்றி நீ எழுதியதைப் படித்தேன். டவரை நகர்த்தச் சொல்லி நீ கம்பெனியில் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும், நீ எழுதாவிட்டாலும். பார்க்காரர்களும் பாலத்தில் சரிவுப் பாதை அமைக்கக் கயிறு கட்டி அளந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு டீச்சர்தான் தினமும் மேனேஜருக்கு போன் போட்டவர். கணக்கு டீச்சரிடம் 'பரிசீலிக்கிறோம்' எத்தனை நாள் செல்லும்?

புது வரைபடத்தை அப்பாவுக்குக் காட்டினேன். டவரின் உச்சி இன்னும் கொஞ்சம் மரங்களுக்கு மேல் தெரிகிறது. இதற்குமேல் இறக்கினால் டீச்சருக்கு மேலிருந்து ஏரி தெரியாது என்று நீ எழுதியதையும் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "தெரியத்தான் செய்யுது" என்றார். அவ்வளவுதான். பிடித்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் படத்தை மடிக்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வேலையை மேற்பார்வை பார்க்க அடுத்த மாதம் இங்கேயே வந்து சில மாதம் இருக்கப்போகிறாய், கம்பெனி ஓட்டலில் அறை எடுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கம்பெனிக்கு நல்ல மனசு. ஆனால் சொந்த ஊரில் மகள் ஓட்டலில் தங்கினால் கடைக்கு மாத்திரை வாங்க வருகிற அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். உன் அறையைச் சுத்தம் செய்தாகிவிட்டது. கிறீச்சிடும் கட்டிலின் திருகாணிகளையும் அப்பா முடுக்கிவிட்டார், நான் சொல்லாமலே.

சாப்பிடும்போது அவர் டவரைப் பற்றி எடுப்பார். பத்து நிமிஷம் பேசட்டும், விடு. நீயும் பத்து நிமிஷம் பேசு. நான் இருவருக்கும் பரிமாறுகிறேன். அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகிறது, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

நீ வரும் நாளன்று ஸ்டேஷன் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்றும், அப்படியே உன்னைக் கூப்பிட வருவதாகவும் அப்பா சொல்லியிருக்கிறார். அது என்ன வேலை என்று மட்டும் அவரைக் கேட்டுவிடாதே, கண்ணு.

நல்லபடியாக வந்து சேர். எப்போதும் நன்றாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா