நீ தொடவிடாத சுவிட்ச்

அண்ணே,

இன்றைக்குக் காலையில் செமோர் வீட்டில் லேப்டாப் பையைக் கொட்டித் துடைத்தேன். சார்ஜர் கட்டையின் மேல் நீ வைத்த சந்தனப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணி பட்டதும் லேசாக மணம் வந்தது. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் கோயில் நினைவு வரும். எனக்கு உன்மேல் எரிச்சல்தான் வருகிறது. செத்தவனைத் திட்டக்கூடாதாம், சித்தி சொல்கிறாள். நான் திட்டத்தான் போகிறேன்.

கமுந்திங் பேக்டரியில் பதினெட்டு வருஷம் சர்க்யூட் போர்டு சோதித்தவள் நான். நீ லாரி ஓட்டினவன். லாரியை விற்று, தெமெங்கோர் ஏரியில் அந்தப் பழைய படகை வாங்கி, மீன் பிடிக்க வருகிறவர்களைத் தங்க வைக்கிறேன் என்று கிளம்பினாய். சமையலுக்கு நான் வேண்டும். டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுப்பது அப்போது என் வேலை. "உன் டியூஷன் பேப்பரெல்லாம் படகுலயே அடிச்சுக்க, கரண்டுக்கு என்ன கொறச்சல்?" என்றாய். இன்ஜினைக் கிளப்புகிற ஒரே ஒரு பேட்டரி. பேன், தண்ணி பம்ப், என் லேப்டாப், உன் ரைஸ் குக்கர், எல்லாம் அதன் தலையில்தான். குக்கரைச் சொருகியதும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்தது. அரிசி பாதி வெந்து கிடக்க, "லேப்டாப்பக் கழட்டு, அதான் இழுக்குது" என்று முறைத்தாய். குக்கர் இழுப்பதில் அது பத்தில் ஒரு பங்குதான் என்றேன். "பெரிய இன்ஜினியர் லா இவ!" என்று வந்தவர்கள் முன்னால் சிரித்தாய். இப்போது நினைத்தாலும் முகம் எரிகிறது.

இரண்டாவது பேட்டரியும் அந்தச் சிவப்புத் திருகு சுவிட்சும் நான் வாங்கிப் பொருத்தியவை. ஒன்றில் வைத்தால் இன்ஜின் பேட்டரி. இரண்டில் வைத்தால் வீட்டுச் சாமானுக்கு உள்ளது. நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து தீரும். "படகைக் கட்டினதும் ரெண்டுல வைணே. இன்ஜின் பேட்டரி தீந்துச்சுன்னா ஏரியில உக்கார வேண்டியதுதான்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ 'ம்' கொட்டினாய்.

போன வருஷ ஆயுத பூஜைக்கு ஆட்கள் இல்லை, நாம் இருவர்தான். படகுத்துறை ஜெட்டியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், காட்டோரமாகப் படகைக் கட்டியிருந்தோம். கூரை முழுக்கக் கலர் லைட் மாட்டினாய். வெளிச்சம் மங்கக்கூடாதென்று சுவிட்சை நடுவில் திருகினாய். இன்ஜின், சுவிட்ச், லேப்டாப், சார்ஜர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டபடியே சாமி முன்னால் வைத்தாய். சூடம் காட்டி முடிந்ததும் நான் சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

"ஏய்! பூஜையில வச்சத நாளைக்கு மறுபூஜை முடியாம தொடக்கூடாதுன்னு தெரியாது?"

"காலையில இன்ஜின் ஓடாதுணே. சொன்னா கேளு."

"சாமிய விட உனக்குக் கரண்டு பெருசா? தொட்டா கைய வெட்டிருவேன்."

வெட்டியிருக்கமாட்டாய், தெரியும். ஆனாலும் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு நீ குளிக்கப் போனாய். சுவிட்ச் என் எதிரேதான் இருந்தது. திருப்பவில்லை. சாமிக்குப் பயந்து இல்லை, நீ கத்துவாயே என்று பயந்து. நாற்பத்தாறு வயசுப் பொம்பளை!

விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. கலர் லைட்டெல்லாம் செத்துக் கிடந்தன. போனில் லைன் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் லேப்டாப்பைத் திறந்தேன். அதில் மட்டும் நூறு சதவீதம்.

"ஸ்டார்ட் ஆவுதா?" என்று கேட்டாய்.

"ஆவும்ணே," என்று பொய் சொன்னேன்.

மீன்காரர் ஒருவரின் படகு அந்தப் பக்கம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவர் படகில் உன்னை ஏற்றினோம். ஜெட்டிக்குப் பாதி வழியில் நீ போய்விட்டாய்.

எழவு வீட்டில், "பூஜையும் அதுவுமா சாமியே கூப்பிட்டுக்கிச்சு, குடுத்து வச்சவன்" என்று பேசிக்கொண்டார்கள். சாமி ஒன்றும் கூப்பிடவில்லை. இன்ஜின் கிளம்பவில்லை, அவ்வளவுதான். ஒரு திருகு திருகியிருந்தால் நீ ஆஸ்பத்திரி வாசலையாவது பார்த்திருப்பாய். அதை நீ செய்யவிடவில்லை, நானும் செய்யவில்லை. உன்னை மன்னித்தால் என்னையும் மன்னிக்க வேண்டிவரும். எனக்கு அதில் இஷ்டமில்லை.

படகை விற்கவில்லை. இப்போது நான்தான் ஓட்டுகிறேன். குக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டேன், சோறு கேஸ் அடுப்பில்தான்.

நாளைக்கு ஆயுத பூஜை. சித்தியும் படகுக்கு வருகிறாள். அதே சுவிட்சுக்குச் சந்தனம் வைப்பேன், குங்குமம் வைப்பேன், சூடம் காட்டுவேன். சூடம் அணைவதற்குள், சித்தி கத்தினாலும் சரி, என் கையால் அதை இரண்டுக்குத் திருப்புவேன். பொட்டு கலையும். கலையட்டும்.

கையை வெட்டுவேன் என்றாயே. வா அண்ணே. வந்து வெட்டு.