அழுத்திவிட்ட அக்கா

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

மூட்டுவாதத்துக்கு இன்று டாக்டர் போனில்தான் பார்த்தார், வீடியோவில். வலது கை விரல்முட்டிகளை யாரையாவது அழுத்தச் சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். மகள் கொழும்பில். தனியாக இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை மாவு டின்னில் சாய்த்து, முகம் தெரியாமல், இடது கையால் நானே அழுத்தினேன்.

"அழுத்துறது யாருங்க?" என்றார்.

"பக்கத்து வீட்டு அக்காங்க."

"அவங்க விரலும் வீங்கியிருக்கே. கவனிக்காம விட்டா கை மடங்கிப் போகும். அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க" என்றேன்.

மகளிடம் சொல்லிச் சிரிக்கலாமென்று போன் எடுத்தேன். வேலையில் இருக்கிறாளாம். பிறகு பேசுகிறேன் என்றவள் இன்னும் பேசவில்லை.

இப்போது விளக்கடியில் இடது கையைப் பார்க்கிறேன். டாக்டர் சொன்னது சரிதான். அந்த அக்காவை யார் கூட்டிக்கொண்டு போவது?