பிடி அரிசிப் பானை

ஜனவரி 9, திங்கள்

ஆண்டவரே, இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததை மன்னித்துக்கொள்ளும். சாமு இப்போதுதான் கண்ணை மூடினான். ஜெபிக்க வேண்டிய நேரம், தெரியும். முழங்கால் போட்டால் வயிறு மடங்குகிறது, மடங்கினால் பசி ஞாபகம் வருகிறது. எழுதினால் அவ்வளவாக இல்லை. கொஞ்ச நாளைக்கு இப்படித்தான்.

கடுங்குளிர். சித்தூருக்கு வெளியே கரும்பு ஆலை ஓடுகிறது. ஜன்னலை மூடினாலும் வெல்லம் காய்ச்சும் வாசனை.

காலையில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நீல மருந்தில் என் சிறுநீரை விட்டுக் காய்ச்சிக் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, பச்சை செங்கல் நிறமாயிற்று. "நீலமாவே நின்னா நல்லது. இது செங்கல். சர்க்கரை இருக்கு." பிரசவத்துக்குப் பிறகு ஏறிய உடம்புதான் காரணமாம். எடை 158 பவுண்டு. எடை இறங்கினால் சர்க்கரையும் தானே போகக்கூடும். மாதக் கடைசியில் மறுபடி சோதனை. அப்போதும் செங்கல் என்றால் சாமுவுக்குப் பால் நிறுத்த வேண்டும். எனக்குச் சென்னையில் ஊசி, ஆயுசுக்கும்.

அவனுக்கு ஏழு மாதம். எதிர் வீட்டுக் குழந்தை டப்பாப் பால் குடித்துத்தான் போன கோடையில் வயிற்றுப்போக்கில் போயிற்று.

ஆகும்: கீரை, மோர், முட்டை, களி ஒரு சிறிய உருண்டை.
ஆகாது: சோறு, வெல்லம், நெய், கிழங்கு, வேர்க்கடலை. அதாவது ருசியுள்ளது எல்லாம்.

அத்தையிடம், என் மாமியாரிடம், சர்க்கரையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பெயர் ஜெபக் குறிப்பாகிவிடும். பெண்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்து உச்சுக்கொட்டுவார்கள். இளைக்கச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். அத்தை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இளைக்கிறதுக்கு ஆஸ்பத்திரியா? நாங்கல்லாம் சும்மாவே இளைச்சிக்கினு கெடந்தோம்."

ஜன. 10, செவ்வாய்

பசி காலை பதினொன்றுக்கு ஒரு மாதிரி, மாலை நாலுக்கு வேறு மாதிரி. காலைப் பசி வயிற்றில். மாலைப் பசி வாயில். அதற்கு வெல்லம் என்று பெயர்.

ஒரு யோசனை செய்தேன். சமையலறை மூலையில் பிடி அரிசிப் பானை. உலையில் போடுமுன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து அதில் போடுவது இந்த வீட்டு வழக்கம், சபையில் எல்லார் வீட்டிலும்தான். மாதக் கடைசி ஞாயிறு கோயிலுக்குப் போகும். போட்டதைத் திரும்ப எடுத்தவர் கிடையாது. பஞ்சத்திலும் எடுக்கவில்லை என்பார்கள். பூட்டு வேண்டாத பானை.

என் பங்குச் சோற்றுக்கான அரிசியை இன்று அதில் கொட்டினேன். பிறகு, ஆசைப்பட்ட வெல்லக்கட்டியையும் காகிதத்தில் சுற்றிப் போட்டேன். இனி அதைத் தொட்டால் திருட்டு. ஆண்டவரிடமே திருட்டு. எந்த அலமாரிச் சாவியும் செய்யாததை இது செய்யும்.

கெட்டிக்காரிதான் நான்.

ஜன. 12, வியாழன்

தலைச்சுற்றல். மூன்று நாளாகச் சோறே தொடவில்லை. மங்கம்மா, பாத்திரம் தேய்க்க வரும் தெலுங்குக்காரி, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "ஏமம்மா, அன்னம் வேணா, வெல்லம் வேணா. சந்நியாசம் வாங்கிக்கினியா?"

ராத்திரிக்கு அத்தை கீரைச் சாறு வைத்துக் கொடுக்கிறார். அதைக் குடித்தால் ஆச்சரியமாகப் பசி அடங்கி விடுகிறது. பூண்டு வாசனை. கீரைக்கு இவ்வளவு சக்தி உண்டென்று காலேஜில் யாரும் சொல்லித்தரவில்லை. பசியை ஆள ஒரு முறை இருக்கிறது, அது மனதில் இருக்கிறது, நான் பழகிக்கொண்டுவிட்டேன்.

சாமுவுக்குக் கீழ் ஈறு வீங்கியிருக்கிறது. பல் போலும்.

ஜன. 14, சனி

பொங்கல். பக்கத்து வீட்டில் பொங்கி வழிந்ததும் கூவினார்கள். ஒரு கிண்ணம் நமக்கும் வந்தது, மேலே முந்திரி. சூரியனுக்குப் படைத்தது என்று அத்தை அதை அப்படியே மங்கம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவள் வாசலில் உட்கார்ந்து, விரலை ஒவ்வொன்றாக நக்கித் தின்றாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து விரல்தான், எனக்கு ஐம்பது போல இருந்தது.

மாலை ரயிலில் திருப்பதியிலிருந்து அவர் வந்தார். அங்கே அவர் வாத்தியார், பள்ளிக்கூடத்துக்கு நாலு நாள் விடுமுறை. நான் பசித்திருக்கையில் தானும் அரைச் சாப்பாடுதான் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். இளைத்ததாகத் தெரியவில்லை. சட்டை துவைக்கப் போட எடுத்தபோது கைக்குட்டையில் நெய் வாசனை. மிளகும்.

யார் சமைத்துப் போடுகிறார்கள் அங்கே?

ஜன. 16, திங்கள்

ஆஸ்பத்திரி. 159.

ஒரு பவுண்டு ஏறியிருக்கிறது! டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையச் சொல்லும்மா. என்ன துன்னுற?"

"நீங்க சொன்னதுதான்."

நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெளியே வரும்போது நர்ஸ் தெலுங்கில் ஏதோ சொல்ல, இன்னொருத்தி சிரித்தாள். தராசையே சந்தேகித்தேன். பிறகு என்னைச் சந்தேகித்தேன். தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ? எழுந்ததும் கையை முகர்ந்து பார்க்கிறேன்.

நாளை அவரோடு திருப்பதி. மூன்று நாள் அவர் அறையில் தங்கிப் பார்க்கப் போகிறேன். அத்தையிடம், சாமு அப்பாவைத் தேடுகிறான் என்றேன். "தேடுறது யாருன்னு தெரியுது" என்றார்.

ஜன. 17, செவ்வாய், திருப்பதி

ஸ்டேஷனில் ஆள் ஏறி நிற்கும் எடை இயந்திரம். காசு போட்டால் சீட்டு வருகிறது. 159. ஆஸ்பத்திரித் தராசு பொய் சொல்லவில்லை.

தெருவெல்லாம் மொட்டைத் தலைகள், சந்தனம் பூசிப் பளபளவென்று. மலையிலிருந்து இறங்கியவர்கள் துணியில் கட்டிய வடையைப் பிட்டுத் தின்றபடி போகிறார்கள். கறுப்பு உளுந்து, மிளகு, நெய். கைக்குட்டை வாசனை!

அறைக்கு வந்ததும் கேட்டேன். கூசாமல் ஒப்புக்கொண்டார்.

"வீட்டுக்காரம்மா மலைக்குப் போய் வந்தா குடுக்கிறாங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்க."

"படைச்சது அது."

"அது வடைக்குத் தெரியுமா?"

"அத்தைகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லேன். நானும் சர்க்கரையைப் பத்திச் சொல்றேன்."

இருவரும் வாயை மூடிக்கொண்டோம். ஒரு சந்தேகம் தீர்ந்தது. வடைதான், வேறொன்றுமில்லை. ஆனாலும் அரைச் சாப்பாடு என்று எழுதியவர்.

ஜன. 20, வெள்ளி

சித்தூர் திரும்பினேன். திருப்பதியில் மூன்று நாளும் நானே சமைத்தேன்: கீரை, மோர், முட்டை, களி. ராத்திரியில் தாங்க முடியாத பசி. அதே கீரைச் சாற்றை நானே வைத்துக் குடித்தும் அடங்கவில்லை. ஒரு தடவை சாமுவின் கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பிடுங்கப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா வடை நீட்டியபோது வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

புறப்படும்போது அதே இயந்திரம். 156.

ஜன. 23, திங்கள்

ஆஸ்பத்திரி. 158.

திருப்பதியில் இறங்குகிறது, சித்தூரில் ஏறுகிறது. என் மனதுக்கு ஊர் தெரியாது. அப்படியானால் இந்த வீட்டில் ஏதோ நடக்கிறது.

வந்ததும் பிடி அரிசிப் பானையைத் திறந்தேன். இரண்டு வாரமாக என் பங்கும் சேர்ந்து விழுகிறது, கழுத்துவரை வந்திருக்க வேண்டும். பாதிகூட இல்லை. வெல்லம் மட்டும் காகிதத்தோடு அப்படியே. அரிசியைத் தொட்டு, வெல்லத்தை விட்ட திருடன் யார்?

மங்கம்மாவைக் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை, அவளுக்குச் சுருக்கென்றது.

"நா எதுக்கும்மா தேவுடு அரிசில கை வெப்பேன்? உங்க தேவுடு, எங்க தேவுடுன்னு இல்ல. எந்த தேவுடுதும் தொட மாட்டேன். எலியா இருக்கும்."

"எலின்னா புழுக்கை எங்கே?"

"சபை வீட்டு எலி. சுத்தமா இருக்கும்."

அத்தை திரும்பிப் பார்க்காமல் அடுப்பை ஊதினார்.

ஜன. 25, புதன்

அத்தை மங்கம்மாவோடு கீரை ஆயும்போது நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. "போயி புள்ளயப் பாரு" என்கிறார். சாறு கொதிக்கும்போது அடுப்படியில் என்னை விடுவதே இல்லை. இன்று சாறு வந்ததும் விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. குடித்துவிட்டேன். பசி.

சந்தேகப்பட்டுக்கொண்டே குடித்தேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜன. 26, வியாழன்

சாயங்காலம் பானையில் அரிசியை உள்ளங்கையால் சமமாகத் தடவி, மேலே விரலால் ஒரு சிலுவை கீறி வைத்தேன். கை வைத்தால் கலையும்.

ஜன. 27, வெள்ளி

விடிந்ததும் பார்த்தேன். சிலுவை இருந்தது!

இன்னும் குனிந்து பார்த்தேன். அரிசி இரண்டு விரல் இறங்கியிருந்தது. சிலுவை என்னுடையது அல்ல. நான் குறுக்குக் கோட்டை மேலே போட்டேன். இது நடுவில், ஆழமாக, அழுத்தமாக. எடுத்தவர் எடுத்து, தடவிச் சமமாக்கி, சிலுவையைத் திரும்பப் போட்டிருக்கிறார்.

எலி சிலுவை போடாது. மங்கம்மாவும் போடமாட்டாள். இந்த வீட்டில் மீதி யார்?

அடுப்படிக்குப் போனேன். அரிசி வறுக்கும் வாசனை. அத்தை அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து வறுத்த அரிசியைப் பொடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெய்க் கிண்ணம். மறைக்கவும் முயலவில்லை.

"இது என் கீரைச் சாத்துக்கா அத்தை?"

"உன்னோட சாத்துக்குத்தான்."

"ஆண்டவர் அரிசியா?"

"ஆமா. அவரு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

கை நிற்கவே இல்லை. பிறகு அவரே பேசினார்.

"அந்த அரிசி யாருக்குப் போவுது, தெரியுமா உனக்கு? பி.ஏ. படிச்சியே. பசிச்சவங்களுக்குப் போவுது. உன் புருசன் ஆறு மாசப் புள்ளயா இருக்கச் சொல்ல எங்க ஊட்டுல அடுப்பு எரியல. எனக்குப் பால் நின்னு போச்சி. சபைதான் பிடி அரிசி கொண்டாந்து குடுத்துச்சி. அத்த காச்சிக் குடிச்சிதான் பால் ஊறுச்சி. இப்ப பசிச்சவ என் ஊட்டுலயே கீறா. கோயிலுக்குத் தூக்கிக்கினு போயி யாருக்குக் குடுக்கறது?"

"நான் பசின்னு சொல்லலையே."

"சொல்லணுமா? புள்ள இழுத்து இழுத்து அழுவுது. நீ கண்ணாடில இடுப்பப் பாத்துக்கினு கீற. பட்டணத்துல படிச்சவங்களுக்கு ஒல்லியா இருக்கணும். எம் பேரன் வயித்துல அடிச்சா?"

சில நாளாக நான் இவரைச் சந்தேகித்தேன். இவர் என்னை மூன்று வாரமாக.

சொல்லிவிட்டேன். நீலம், செங்கல், ஊசி, பால் நிறுத்துவது, எல்லாம். குழவி நின்றது.

பிறகு, சின்னப் பிள்ளை போல:

"சர்க்கரையா? நான் உனக்குச் சர்க்கரை போடவே இல்லியே. அரிசிதான போட்டேன்."

அரிசியும் உள்ளே போய்ச் சர்க்கரைதான் ஆகும் என்று சொன்னேன். நம்பாமல் பார்த்தார். பிறகு நம்பினார். நம்பியதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. பொடியை அப்படியே முறத்தில் தள்ளி, வாசலில் கோழிக்குக் கொட்டிவிட்டு வந்தார்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?"

ஜன. 29, ஞாயிறு

அத்தை பாதிப் பானையைத் தானே தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அரிசி வாங்கிக் கொட்டும் சபை ஊழியக்காரி, பைபிள் அம்மா, பானையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா அக்கா, இந்த மாசம் கம்மி?"

ஜெபக் குறிப்புதான் என்று நினைத்தேன்.

"எங்க ஊட்டுல ஒரு எலி" என்றார் அத்தை. "பெரிய எலி. புடிச்சாச்சி."

வெல்லக்கட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யாராவது ஒரு குழந்தைக்குக் கிடைத்திருக்கும்.

வெள்ளி ராத்திரியிலிருந்து வெறும் கீரைத் தண்ணீர். பச்சையாக, பாத்திரத்தின் அடி தெரிகிறது. அத்தையும் என் எதிரில் உட்கார்ந்து அதையே குடிக்கிறார். உங்களுக்கெதற்கு என்றால், "நான் துன்னுறத நீ பாத்துக்கினே இருப்ப" என்கிறார். வேர்க்கடலைச் சட்டியை எங்கேயோ ஒளித்துவிட்டார். மத்தியானம் நான் அலமாரிப் பக்கம் போனேன், பின்னாலிருந்து குரல்: "இன்னா தேடற?" காவல் போட்டாயிற்று. முன்னே எனக்கு ஊட்டுவதில் எவ்வளவு உஷாரோ, அவ்வளவு.

ஒன்று எழுதியே ஆகவேண்டும். இத்தனை நாள் பசியை ஜெயித்துவிட்டேன் என்று எழுதிக்கொண்டிருந்தேனே, அதெல்லாம் பசியே இல்லை. அத்தையின் அரிசியும் நெய்யும் உள்ளே இருந்துகொண்டு பேசின. பசி திருப்பதியில் மூன்று நாள் இருந்தது, இங்கே மூன்று நாளாகத்தான் இருக்கிறது. பிடிவாதமாக, வீட்டு ஆள் போல, பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது.

சாமு குடிக்கிறான். பால் இருக்கிறது, சத்தம் கேட்கிறது. கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது, அரிசி அளவு. வலிக்கிறது. வலிக்கட்டும்.

நாளை காலை சோதனை. வெறும் மூன்று நாள் போதுமா என்று தெரியவில்லை. அத்தையும் வருகிறாராம். நீல மருந்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம், டாக்டரம்மாவை நம்பமாட்டாராம்.

ஆண்டவரே, உம்முடைய அரிசியை நான்தான் குடித்தேன், தெரியாமல். அதற்கான கணக்கைப் பிறகு கேட்டுக்கொள்ளும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில், நீலமா, செங்கலா. சீக்கிரம் சொல்லும்.