பார்வதி, அந்தக் காலுறை கம்பளி இல்லை

என் பார்வதிக்கு,

இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. நானே எழுதுகிறேன்! பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆகிவிட்டது. உன் பெயரை மட்டும் நிறுத்தாமல் எழுதிவிடுவேன்.

வகுப்பில் எல்லோரும் கேமரன் மலைக்குப் போகிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். நாம் போன அந்த ஒரே தடவை நினைவிருக்கிறதா? தேயிலை மேட்டில் பாதி ஏறுவதற்குள் மழை. காலுறை ஊறி, "ஏங்க, விரல் இருக்கா இல்லையான்னே தெரியலங்க" என்று நடுங்கிக்கொண்டே சிரித்தாய். உச்சியைப் பார்க்காமலே திரும்பினோம்.

"கம்பளின்னு சொல்லி ஏமாத்திட்டான் அந்தக் கிள்ளான் கடைக்காரன்" என்று கடைசிவரை திட்டினாய். கிள்ளானில் அந்தக் கடைத்தெருவுக்குப் போனாலே எதிர்ப்பக்கமாகவே நடந்தாய்.

போன வாரம் அதே கடைக்குப் போனேன். அன்றைக்குப் போலவே பெட்டிகளின் மேல் அட்டையில் எழுதி வைத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒன்றில் பருத்தி. பக்கத்தில் கம்பளி.

அவர் உன்னை ஏமாற்றவில்லை, பார்வதி. அன்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாதென்று தெரிந்துவிடுமே. தொட்டுப் பார்த்து, தடிப்பானதுதான் கம்பளி என்று எடுத்துக்கொண்டு, கடைக்காரர் கம்பளி என்றார் என்று உன்னிடம் சொல்லிவிட்டேன்.

இந்த முறை கேட்டேன். "தடிப்ப பாக்காதீங்கண்ணே. பருத்தி தண்ணிய குடிச்சா விடாது லா. கம்பளி நனைஞ்சாலும் சூடு இருக்கும். கொஞ்சம் நைலான் கலந்தது எடுங்க, குதிகால் சீக்கிரம் கிழியாது. ஒன்னு மேல ஒன்னு போட்டு இறுக்கிடாதீங்க. என்ன சைஸ்?"

"நாலு" என்றேன்.

என் காலைப் பார்த்தார். "இந்தக் காலுக்கா?"

உன் அளவுதான் வாயில் வந்தது. அப்புறம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நரைத்த தலையைத் தடவிக்கொண்டார். "அதான் அண்ணி அந்தப் பக்கமாவே போனாங்களா? நான் என்ன தப்பு செஞ்சேன்னு எத்தனை நாள் யோசிச்சிருக்கேன், தெரியுமா?"

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? திட்டுவாயா, சிரிப்பாயா?

இரண்டு ஜோடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டினாலும் உச்சிவரை ஏறுவேன். நாலாம் நம்பர் ஜோடி பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் சட்டைக்குள் நனையாமல் வரும்.

உன் வீட்டுக்காரன்,
மாணிக்கம்