ஒரே அளவுச் சட்டையும் கலாராணியின் பசியும்

அனுப்புநர்:
கறுப்பையா நிலூஷா,
பிலிமத்தலாவை.

பெறுநர்:
தொழில் அலுவலர்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
கண்டி.

விடயம்: சுகவீன விடுமுறையிலிருந்த என் தங்கை கலாராணியை வேலைநீக்கம் செய்தமை

மதிப்புக்குரிய ஐயா,

1. கண்டி நகரில் என் தங்கை வேலை செய்த புடவைக் கடையில், கடந்த தீபாவளிக்கு முன்னர் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானமொன்று எடுக்கப்பட்டது. விற்பனைப் பெண்கள் அனைவருக்கும் சீருடைச் சேலைக்கான சட்டை இனி ஒரே அளவில் தைக்கப்படும். இறுக்கமாக இருந்தால் திருத்த வேண்டியது சட்டையை அல்ல என்று முகாமையாளர் திரு. தியாகராஜா விளக்கமளித்தார்.

2. அன்றிலிருந்து கலாராணி பகலுணவைக் கைவிட்டார். கந்தசஷ்டி நெருங்கிய காலமாகையால் விரதம் என்றே வீட்டில் நம்பினோம். முகாமையாளரும் அவருடைய பக்தியை மற்றப் பெண்களுக்கு எடுத்துக்காட்டினார். சூரன் விழுந்த பின் ஊரார் வழமைபோல் சாப்பிடத் தொடங்கினர். கலாராணி தொடங்கவில்லை.

3. மாதவிடாய் நின்றது. முடி கொட்டியது. சில நாட்களில் பானைச் சோறு முழுவதையும் நின்றபடியே உண்டு, உடனே வாந்தியெடுத்தார். மார்கழியில், வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக் காட்டும்போது மயங்கி விழுந்தார். சேலைக்குச் சேதமில்லை என்பதை முகாமையாளர் உறுதிப்படுத்திக்கொண்டார்.

4. ஓயாத மன அழுத்தத்தில் சுரக்கும் ஹோர்மோன்கள் பசியின் ஒழுங்கைக் குலைக்கும் என்றும், பட்டினி நீடித்தால் மாதவிடாய்க்குரிய ஹோர்மோன்கள் குறையும் என்றும், இது பிடிவாதமல்ல, நோய் என்றும் அவரை வார்டில் அனுமதித்த வைத்தியர் கூறினார். சுகவீன விடுமுறைக்கான வைத்தியரின் கடிதத்துடன் நானும் அம்மா ராக்கம்மாவும் கடைக்குச் சென்றோம். வாடிக்கையாளர் முன்னிலையில் முகாமையாளர் கூறியது: "ஹோர்மோனுக்கெல்லாம் லீவு குடுத்தா கடையை யாருங்க பாக்கிறது? வீட்ல நல்லா சோறு போடுங்க."

அம்மா கூறியது: "போட்டுத்தாங்க அனுப்பினோம். அளவு சொன்னது நீங்க."

இதை அவமதிப்பாகக் கருதிய முகாமையாளர், கலாராணி உடற்தகுதியற்றவர் எனக் குறிப்பிட்டு வேலைநீக்கக் கடிதத்தை வார்டுக்கே அனுப்பினார். அப்போது அந்தச் சட்டை அவருக்குத் தாராளமாகப் பொருந்தியிருந்தது.

5. இன்னும் மெலிந்தால் மீண்டும் எடுப்பார்கள் என்று கலாராணி நம்புகிறார். வார்டிலும் உண்ண மறுக்கிறார். நாங்கள் சொல்வதை அவர் கேட்பதில்லை; கடை சொல்வதை மட்டுமே கேட்கிறார். ஆகவே, வேலைநீக்கத்தை இரத்துச் செய்து, அளவு விதியையும் கைவிட்டதாகக் கடையிடமிருந்து எழுத்தில் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் விசாரணை தாமதமானால் கோப்பு பொறுத்திருக்கும். அவருடைய இருதயம் பொறுத்திருக்குமா என்பதை வைத்தியர் உறுதியாகச் சொல்லவில்லை.

6. தங்கையின் இடத்துக்குக் கலகெதரையிலிருந்து ஜெஸ்மின் என்பவர் எடுக்கப்பட்டுள்ளார். முதல் வாரம் அவர் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். இப்போது கொண்டுவருவதில்லை.

இங்ஙனம்,
க. நிலூஷா

இடம்: பிலிமத்தலாவை
திகதி: 2025.01.20