மில் கொட்டகைப் படகு

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

மஹிமா அப்பாவுக்கு அமிர்தா எழுதிக்கொள்வது. மாமா, அத்தை, மஹிமா, நான் எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மஸ்கட் வெயில் உங்களை ரொம்ப வாட்டாமல் இருக்க வேண்டும்.

போன வாரம் நீங்கள் கூப்பிட்டு, படகு என்னாச்சு என்று கேட்டபோது, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபம் வந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். சூர்யகலா அக்கா வீட்டுக்காரர் புதன்கிழமை அங்கே புறப்படுகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.  

மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஷூ கம்பெனியில் என்னை முதல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். செய்யார் பஸ் விடியும் முன்பே வந்துவிடுகிறது. மஹிமா உங்கள் பழைய லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் டிவி பார்க்கிறாள். சொன்னால் கேட்பதில்லை.

இனி படகு விஷயம்.

நீங்கள் சொன்னபடியே போன மாதக் கடைசி ஞாயிறு, மாமாவைக் கூட்டிக்கொண்டு தனசேகரன் சாரின் அரிசி மில்லுக்குப் போனேன். போட்டோவில் பார்த்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது ஞாபகம் இருக்கிறதா? பழசுதான், ஆனால் ஃபைபர், மக்கிப் போகாது. இந்த மாதிரி படகு கிடைத்தால் மஸ்கட்டில் செய்வது போலவே பாண்டிச்சேரியில் நாலு பிள்ளைகளுக்குப் பாய்மரம் கற்றுக்கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம், ஊரோடு வந்துவிடலாம் என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் போனேன். ஷூவில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று தினமும் பார்க்கிறவள்தானே, உன் கண்ணுக்குத் தப்பாது என்றும் சொன்னீர்கள். தப்பவில்லை.

கொட்டகையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால், சக்கர வண்டி மேல் தார்ப்பாய் மூடி நின்றிருந்தது. தனசேகரன் சார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.  தார்ப்பாயை விலக்கிவிட்டு, "பார்த்துக்கம்மா, நான் தொட்டு வருஷக் கணக்காச்சு" என்று சொல்லித் தள்ளி நின்றார். வெள்ளையும் நீலமுமாக, தூசிக்கு அடியில் படகு அழகாகத்தான் இருந்தது.

நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் செய்தேன். ஸ்க்ரூடிரைவர் பிடியால் உடம்பு முழுக்கத் தட்டினேன். எல்லா இடத்திலும் டக் டக்கென்று கேட்டது. நடுவில் மட்டும், படகு பக்கவாட்டில் சறுக்காமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்குகிற அந்தப் பலகை ஏறி இறங்கும் பெட்டியின் அடியில், ஈர மண்சுவரைத் தட்டினது போல மொத்தென்று கேட்டது. பலகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டியும் அடித்தளமும் சேருகிற மூலையில் யாரோ பட்டி வைத்துப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் ஒட்டு விட்ட ஷூவைப் பாலிஷ் போட்டு மறைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. நகத்தால் கீறினேன், அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உள்ளே கையளவு நீளத்துக்குக் கறுப்பாக ஒரு விரிசல்.

சந்தேகம் இருந்தால் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார் என்றிருந்தீர்கள். நம் தெருச் சாயப்பட்டறையில் ஒரு சிட்டிகை சிவப்பு வாங்கி வைத்திருந்தேன். கீழே இருந்து, பலகை வெளியே இறங்குகிற வாயைக் களிமண்ணும் துணியும் வைத்து அடைத்தோம். மேலே இருந்து பெட்டிக்குள் சிவப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்க ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. ஆட்கள் உட்காருகிற தட்டிலும் ஈரம் இல்லை. பாதிப் பெட்டி காலியாகிவிட்டது, தண்ணீர் போன இடம் மட்டும் தெரியவில்லை.

தனசேகரன் சார் அப்போதுதான் கிட்டே வந்தார்.

படகின் பின்பக்கம், அடியில் ஒரு பிளக் உண்டு என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே காற்று அடைபட்டிருக்கும், அந்தக் காற்றுதான் படகைத் தூக்கிப் பிடிக்கிறது, அங்கே தண்ணீர் சேர்ந்தால் வெளியே விடுவதற்கு அந்தப் பிளக் என்று. அதைத் திருகப் போனேன். உப்பு ஏறி இறுகிக் கிடந்தது. மாமா ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். பிளக் கையோடு வந்தது. பின்னாலேயே சிவப்புத் தண்ணீர் கொட்டியது.

எனக்கு அதிர்ச்சியே இல்லை அப்போது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷம்கூட. திரும்பிப் பார்த்தால் தனசேகரன் சார் முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீரைப் பார்க்கவில்லை அவர். மாமா கையில் இருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது உள்ள போட்டிருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம், நன்றாக இறுகி இருந்தது என்றார் மாமா. மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னோம். குனிந்து அந்தத் தண்ணீரில் கை வைத்தார். சிவந்த கையைத் துடைக்காமல் அப்படியே நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் வாயாலேயே தெரிந்தது. கொரோனாவுக்கு முந்தின பொங்கல் லீவில் அவர் மகள் இளமதியும் மகன் சந்தோஷும் பாண்டிச்சேரி கடலில் இந்தப் படகில்தான் போயிருக்கிறார்கள். நடுக்கடலில் கவிழ்ந்திருக்கிறது. நிமிர்த்த முடியவில்லை. இளமதியை மீனவர்கள் தூக்கினார்கள். சந்தோஷ் மறுநாள்தான் கரைக்கு வந்தான். படகின் வயிறு நிறையத் தண்ணீர் இருந்ததைப் பார்த்து, பிளக் போட மறந்திருப்பார்கள் என்று கரையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிளக் போடுவது இளமதியின் வேலை. போட்டேன், போட்டேன் என்று அந்தப் பெண் கதறியிருக்கிறாள். யாரும் குனிந்து பார்க்கவில்லை. படகைக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடியதோடு சரி; உள்ளே இருந்த தண்ணீர் அந்த விரிசல் வழியாகவே வடிந்து காய்ந்திருக்கிறது, அவள் போட்ட பிளக் போட்டபடியே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அப்பா மகளிடம் பேசவில்லை. அவள் வேலூரில் தனியாக இருக்கிறாள்.

"வாங்கும்போது ஒரு டார்ச் அடிச்சிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேம்மா. பெயிண்ட் நல்லாருக்குன்னு வாங்கிட்டேனே" என்றார். மாமா என்னென்னவோ ஆறுதல் சொன்னார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அதே மாதிரி வந்தது.  படகு பார்க்கப் போன நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நீயே எம் பொண்ணுகிட்ட சொல்லிடும்மா. நான் போன் போட்டா என்னன்னு ஆரம்பிப்பேன்?" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் கை கூப்பியதும் என்னால் மறுக்க முடியவில்லை. பொழுது சாய்ந்தால் நாம் சாப்பிடுவதில்லையே, அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் மாமாவும் நானும் சாப்பிடவில்லை.

நேற்று வேலூர் போனேன். இளமதி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. டீயைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்ப நான் போட்டேனா அக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சொல்லிச் சொல்லி, போடாமல் போனது போலவே அவளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டதாம். பிளக் தன் ஜீன்ஸ் பாக்கெட்டில் இருந்தது போலவே கனவு வருமாம். செய்யாத தப்பை மனசுக்குள் செய்து பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் ஒரு பெண் இருந்திருக்கிறாள். 

இன்று காலை முதல் பஸ்ஸில் அவளே வந்துவிட்டாள். மில்லுக்கு நானும் கூடப் போனேன். தனசேகரன் சார் வாசலில் நின்றார்.  அவர் டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் படகுக்குள் இறங்கி, அந்த மூலையில் வெளிச்சம் அடித்து, விரலை விட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அவர் போய்த் தோளைத் தொட்டு, "எழுந்து வாம்மா, வெய்யில் ஏறிப்போச்சு" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

படகை நமக்குச் சும்மாவே தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள். அந்த விரிசலை அடைத்துவிடலாம் என்று நீங்கள் சொல்லலாம். அதில் நம் மஹிமா உட்காருவதை என்னால் பார்க்க முடியாது. வேறு படகு கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் நீங்கள் வந்துவிடுங்கள், அந்தப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

இந்தக் கடிதம் எழுதுவதே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். பஸ் ஏறுவதற்கு முன் இளமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று காலையிலிருந்தே படகு மந்தமாகத்தான் போனதாம். சாய்ந்தால் சட்டென்று நிமிரவில்லையாம். காற்று போதவில்லை என்று இவள் நினைத்திருக்கிறாள். பொங்கல் சாப்பிட்ட வெயிட் என்று சந்தோஷ் சிரித்திருக்கிறான். அப்பவே கரைக்குத் திருப்பியிருக்கணுமா அக்கா, தெரிஞ்சவங்களா இருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்களா என்று கேட்டாள். என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? உங்கள் நம்பரையும் வாங்கிக்கொண்டாள், அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறாளாம்.

படகு கனத்தால் முதலில் உங்கள் கைக்கே தெரிந்துவிடும் என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. வாரக் கடைசியில் மட்டும் கடலுக்குப் போனவள். ஒரு பாரத்தை இன்றைக்குத்தான் இறக்கி வைத்திருக்கிறாள். பொய் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் சொல்கிறவர் இல்லை. அவள் கூப்பிடும்போது அவசரப்பட்டு எதுவும் பேசிவிடாதீர்கள். கொஞ்சம் நிதானித்து, அவள் நம் மஹிமாவாக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள்.

அருகர் அருளால் நீங்கள் நல்லபடியாகக் கரை திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள்
அமிர்தா