மட்டைக்காரனின் மூன்று சொற்கள்

மார்ச் 3

காலையில் பதினொரு பேரை இறக்கினேன். ஏழு நன்று, மூன்று சுமார், ஒன்று மோசம்.

போர் தொடங்கி எட்டு மாதமாக இதுதான் என் பிழைப்பு. விமானம் தாங்கிக் கப்பலின் பின்கோடியில், கடலுக்கு மேல் நீட்டிய பலகையில் நின்று, இரண்டு சிவப்பு மட்டைகளால் விமானங்களை வரவழைக்கிறேன். மட்டையைத் தாழ்த்தினால் இறங்கலாம். தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினால் இறங்கக் கூடாது, சுற்றிக்கொண்டு வர வேண்டும். மறுபேச்சு கிடையாது. அதற்கு நேரமும் கிடையாது. எல்லோரும் இறங்கிய பிறகு, விமானிகள் அறைக் கரும்பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த மூன்று சொற்களில் ஒன்றை எழுதுவேன். பதவியும் பதக்கமும் அங்கே செல்லாது.

மோசம் வாங்கியவன் பாட்டுக்காரன். ரேடியோவில் பாடிக்கொண்டே இறங்கினான். "மட்டைக்காரருக்கு சங்கீதம் புடிக்காது போல" என்றான். பிடிக்கும். அதனால்தான் மோசம்.

நெட்டை அண்ணனுக்கு வழக்கம்போல சுமார். ஆறேகால் அடி உடம்பை மடித்து சின்ன விமானிக் கூண்டுக்குள் உட்காரும் மனிதர். எங்கள் படைப்பிரிவின் தலைவர். ஏற்கெனவே ஒரு வீரப் பதக்கம் உண்டு. அது பெட்டியில் காலுறைகளுக்கு அடியில் கிடப்பதாக அவருடைய மெக்கானிக் சொல்கிறார்.

மார்ச் 9

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பாட்டுக்காரன் அடிபட்டான். முன்கண்ணாடி முழுக்க எண்ணெய், எதிரே ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அண்ணன் மட்டும் போன வழியே மறுபடி போய், அவனைத் தேடிப் பிடித்து, இறக்கையோடு இறக்கை ஒட்டிக் கூட்டி வந்தார். வழியெல்லாம் ரேடியோவில் ஒரே பேச்சு: "கொஞ்சம் எடது... அவ்ளோதான். ஏன் பாட்டையே காணோம்? பாடு."

அடிபட்ட விமானம் கடைசியில் இறங்க வேண்டும் என்பது விதி. அது மேல்தளத்தில் நொறுங்கினால் பின்னால் வருபவருக்கு இடமிருக்காது. அண்ணனுக்கும் எரிபொருள் தீரும் நேரம். "அவன் மொதல்ல எறங்கட்டும். நான் சுத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். அதை ஏதோ வரிசையில் இடம் விடுகிற மாதிரி சொன்னார்.

பாட்டுக்காரன் இறங்கி, சக்கரம் முறிந்து, தளத்தின் குறுக்கே கிடந்தான். ஆள் பிழைத்தான். விமானத்தை இழுத்துத் தள்ள ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் அண்ணன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு தாழ்வாக, தாறுமாறாக வந்து, விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில் முதலாவதிலேயே வால்கொக்கி மாட்டி, டயர் வெடிக்க நின்றார்.

கரும்பலகையில் 'நன்று' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

அவர் வந்தார், பார்த்தார். கையாலேயே துடைத்துவிட்டு 'மோசம்' என்று எழுதினார்.

"அண்ணே, நீங்க இன்னைக்குப் பண்ணினதுக்கு—"

"மேல நடந்தது வேற. இந்தப் பலகை கீழ நடந்ததுக்கு. எனக்காக ஒரு பொய் எழுதினா, நாளைக்கு நீ மட்டையை ஆட்டும்போது எவன்டா நம்புவான்?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாந்தமாகச் சொன்னார்.

மார்ச் 10

வெட்கம். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 21

மூழ்கிய எங்கள் சரக்குக் கப்பலின் உயிர்ப்படகுகளை எதிரி விமானங்கள் துரத்தித் துரத்திச் சுட்டன. நான்கு படகு, அறுபது பேர். அண்ணன் ஒற்றை ஆளாகக் குறுக்கே போய் விழுந்திருக்கிறார். குண்டுகள் தீர்ந்த பிறகும் திரும்பவில்லை. வெறும் துப்பாக்கியோடு, சுடப்போகிறவர் மாதிரி அவர்கள் மூக்குக்கு நேரே பாய்ந்து பாய்ந்து பயம் காட்டினார். உதவிக் கப்பல் வரும்வரை பதினொரு முறை. இதெல்லாம் படகில் இருந்தவர்கள் எண்ணிச் சொன்னது. அவர் ரேடியோவில் சொன்னது இவ்வளவுதான்: "வலது கையில அடி. பெட்ரோல் இல்ல. வரேன்."

வந்தார். வாலில் பாதி இல்லை. உயரமாக, இடது பக்கம் சரிந்துகொண்டே வந்தார். என் பின்னால் எல்லோரும் கத்தினார்கள்: "எறக்குய்யா, எறக்கு!" எரிபொருள் இல்லாத மனிதரை எப்படித் திருப்பி அனுப்புவது? ஆனால் அப்படியே இறங்கினால் முன்னால் நிற்கும் விமானங்களின் மேல் போய் விழுவார். என் மனிதர் அவர். எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே பெரியவர்.

மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினேன்.

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இருந்த ஒற்றைக் கையை எஞ்சின் பிடிக்கு மாற்றி, திருப்பும் தடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, விமானத்தைத் தூக்கிவிட்டார். எஞ்சின் இருமியபடியே ஒரு சுற்று. இரண்டாம் முறை கொஞ்சம் இடது, கொஞ்சம் தாழ்வு. மட்டையைத் தாழ்த்தினேன். மூன்றாம் கம்பி. நின்றார்.

மெக்கானிக் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "மிச்சத்த ஊத்துனா ஒரு டம்ளர் நெறையாது."

ஸ்ட்ரெச்சரில் போகும்போது அண்ணன் கேட்டார்: "என்ன போட்ட?"

"மொதல் தடவ மோசம். ரெண்டாவது சுமார்ண்ணே."

"சரிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்?

ஏப்ரல் 14

அவருக்கு நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம்! விழாவில் வாசிக்கும் பாராட்டுரையை ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைசி வரி: "ஒப்பற்ற திறமையுடன் தரையிறங்கினார்."

அண்ணன் கட்டுப்போட்ட கையோடு மருத்துவ அறையில் படுத்தபடி பதில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'கடைசி வரி தவறு. கரும்பலகைப் பதிவைப் பார்த்துத் திருத்தவும்.'

கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். "மெடல் குடுக்கிறவங்ககிட்டயே பிழை கண்டுபிடிக்கிற ஆள இப்பதான்யா பார்க்கிறேன்." ஆனாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஏப்ரல் 30

பதில் இல்லை.

ஜூன் 2

கரையில், பெரிய மண்டபத்தில் விழா. எங்களுக்குக் கடைசி வரிசை. பாட்டுக்காரன் ஊன்றுகோலோடு வந்திருந்தான். உயிர்ப்படகில் இருந்த மாலுமிகள் சிலரும் வந்திருந்தார்கள்.

அதிகாரி பாராட்டுரையை வாசித்தார். பதினொரு முறை என்ற இடத்தில் உயிர்ப்படகு மாலுமிகள் தலையசைத்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். காகிதத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல் வாசித்தார்: "இரண்டாம் முயற்சியில் சுமாராகத் தரையிறங்கினார்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அந்த ஒரு வரியின் மதிப்பு எங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் சல்யூட் வைத்தார். வலது கை தோள்வரைதான் எழுந்தது. அதற்கு மேல் இனி எழாது, இனிப் பறக்கவும் முடியாது என்று மருத்துவர் போன வாரமே சொல்லிவிட்டார்.

வெளியே வந்து, பதக்கத்தைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "சல்யூட் எப்பிடி இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மோசம்ண்ணே."

"எழுதிக்கோ" என்று சிரித்தார்.

எழுதிக்கொண்டேன்.